மரம் இருக்கிறது, கட்டுப்படியாகவில்லை: ஒரு கனடிய ஆலை ஊரின் அறிவிப்புகள்

நான் சொல்லப்போகும் ஹூஸ்டன் டெக்சாஸில் இருப்பது அல்ல. கனடாவின் மேற்குக் கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அதன் நடுவில் உள்ள பிரின்ஸ் ஜார்ஜ் நகரத்திலிருந்து பசிபிக் கரையிலுள்ள பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகம் வரை 16ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. அந்தச் சாலையோரத்தில் மூவாயிரம் பேர் வாழும் ஊர் இந்த ஹூஸ்டன். அறுபதடி நீளத்துக்கு ஒரு தூண்டில் கோல் செய்து நட்டுவைத்து, உலகிலேயே பெரியது என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆற்றில் மீன், மலையெங்கும் பைன், ஊருக்குள் மர அறுவை ஆலை என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கை.

2013இல் அங்கே இரண்டு பெரிய ஆலைகள் இருந்தன. 2014இல் ஒன்றாகியது. 2023இல் அதுவும் நின்றது. ஒவ்வொரு முறையும் ஆலையை நடத்திய நிறுவனம் ஒரு பக்க அறிவிப்பு வெளியிட்டது. அந்த அறிவிப்புகளில் சொற்கள் சில திரும்பத் திரும்ப வரும். ‘உற்பத்திக் குறைப்பு’, ‘தற்காலிக நிறுத்தம்’, ‘காலவரையற்ற நிறுத்தம்’, ‘நிரந்தர மூடல்’. காரணம் சொல்லும் வரியில் மட்டும் எப்போதும் ஒரே தொடர்தான்: பொருளாதார ரீதியில் கிடைக்கக்கூடிய மரநார் இல்லை.

மரம் என்று எழுத மாட்டார்கள். ‘ஃபைபர்’ என்றே எழுதுவார்கள். பலகை, காகிதக்கூழ், எரிப்பதற்கான மரத்துகள் உருண்டை என்று எந்த உருவத்தில் விற்றாலும் அவர்களுக்கு அது நார்தான். ஆனால் அந்தத் தொடரில் கவனிக்க வேண்டிய சொல் நார் அல்ல, ‘பொருளாதார ரீதியில்’ என்பது. நம் வியாபாரிகள் இதையே ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள்: கட்டுப்படியாகவில்லை. காடு அங்கேயே நிற்கிறது. அதை வெட்டி, ஏற்றி, அறுத்து, உலர்த்தி விற்றால் கை நஷ்டம். எப்படி இந்த நிலை வந்தது என்று பார்க்கப் போனால், கதை ஒரு வண்டிலிருந்து தொடங்குகிறது.

அரிசி மணி அளவு வண்டு

மலைப் பைன் வண்டு கருப்பாக, ஐந்து மில்லிமீட்டர் நீளத்தில், ஓர் அரிசி மணி அளவுக்கு இருக்கும். பெண் வண்டு பைன் மரத்தின் பட்டையைத் துளைத்து உள்ளே போகும், வாசனை விட்டு மற்ற வண்டுகளைக் கூப்பிடும். ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். மரம் பிசினைச் சுரந்து தள்ளிப் பார்க்கும், முடியாது. வண்டுகளோடு ஒரு பூஞ்சையும் வரும். அது மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். அடுத்த ஆண்டு ஊசியிலைகள் செங்கல் நிறமாகும், பிறகு சாம்பல் நிறமாகி உதிரும். பூஞ்சை ஏறிய கட்டை உள்ளே நீலம் பாய்ந்திருக்கும். இதைக் குறை என்று சொல்லாமல் ‘டெனிம் பைன்’ என்று பெயர் வைத்து விற்கப் பார்த்தவர்களும் உண்டு. விற்பனைக்காரர்கள் எங்கும் ஒரே மாதிரிதான்.

இந்த வண்டு அந்தக் காட்டுக்குப் புதிதல்ல. குளிர்காலத்தில் மைனஸ் நாற்பது வரை இறங்கிச் சில நாட்கள் நீடித்தால் பட்டைக்குள்ளிருக்கும் புழுக்கள் பெரும்பாலும் செத்துவிடும். காடும் வண்டும் அப்படித்தான் சமநிலையில் இருந்தன. 1990களுக்குப் பிறகு அப்படிப்பட்ட குளிர் அரிதாகிவிட்டது. அதோடு, பல பத்தாண்டுகளாகக் காட்டுத்தீயை உடனுக்குடன் அணைத்து வந்ததால், வண்டுக்குப் பிடித்த எண்பது வயதுக்கு மேற்பட்ட பைன் மரங்கள் நெடுக நின்றிருந்தன. பந்தி விரித்தாகிவிட்டது. 2000களின் நடுவில் உச்சம் தொட்ட அந்தத் தாக்குதலில் 1.8 கோடி ஹெக்டேர் காடு பாதிக்கப்பட்டது. மாகாணத்தின் விற்கத்தகுந்த பைன் மரத்தில் பாதிக்கும் மேல், எழுபது கோடி கன மீட்டரைத் தாண்டி, செத்தது.

செத்த மரம் உடனே பயனற்றுப் போவதில்லை. சில ஆண்டுகள், இடத்தைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட, அறுத்துப் பலகையாக்கலாம். அதன் பிறகு காய்ந்து வெடித்துவிடும், ரம்பத்தில் நொறுங்கும். ஆகவே மாகாண அரசு, வீணாவதற்குள் வெட்டிக்கொள்ளுங்கள் என்று ஆண்டு வெட்டு அளவைக் கூட்டிக் கொடுத்தது. நிறுவனங்களும் ஆலைகளைப் பெரிதாக்கின. கட்டையை ஸ்கேன் செய்து, கணினி தீர்மானித்த கோணத்தில், நொடிக் கணக்கில் அறுத்துத் தள்ளும் இயந்திரங்கள் வந்தன. ஹூஸ்டனிலிருந்த கான்ஃபோர் என்ற நிறுவனத்தின் ஆலை உலகின் மிகப் பெரிய அறுவை ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

அப்போதே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. இது வட்டி வருமானம் அல்ல, முதலையே எடுத்துச் செலவழிப்பது. செத்த மரம் தீர்ந்ததும், முன்பிருந்ததைவிடக் குறைவாகத்தான் வெட்ட முடியும். அடுத்த தலைமுறை பைன் வெட்டுக்கு வர அந்தக் குளிர்நாட்டில் எண்பது, நூறு ஆண்டுகள் ஆகும். வரப்போகும் பள்ளத்துக்கு வனத்துறைக்காரர்கள் ‘இடைக்கால மரப் பற்றாக்குறை’ என்று பெயரே வைத்திருந்தார்கள். எதிர்பாராத அதிர்ச்சி என்று பின்னால் யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இதற்கு மேல் தீயும் வந்தது. 2017இல் 12 லட்சம் ஹெக்டேர், 2018இல் அதற்கும் மேல், 2023இல் 28 லட்சம் ஹெக்டேர்.

பர்ன்ஸ் லேக், ஜனவரி 20

ஹூஸ்டனிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் பர்ன்ஸ் லேக். 2012 ஜனவரி 20, வெள்ளிக்கிழமை இரவு. ஊரை உறைய வைக்கும் குளிர். அங்கிருந்த பாபீன் ஃபாரஸ்ட் ப்ராடக்ட்ஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தபோது ஆலை வெடித்துச் சிதறியது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள், இருபது பேர் காயமடைந்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 23 இரவு, பிரின்ஸ் ஜார்ஜில் லேக்லாண்ட் மில்ஸ் அதேபோல வெடித்தது. அங்கும் இரண்டு உயிர்கள் போயின, இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

வெடித்தது கொதிகலனோ எரிவாயுவோ அல்ல, மரத்தூள்.

மரத்தூள் எரியும் என்பது தெரியும், வெடிக்குமா என்ற கேள்வி வரும். குவியலாகக் கிடந்தால் புகைந்து எரியும். அதுவே மாவு போல் நுண்மையாக, மூடிய கட்டடத்துக்குள் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்போது ஒரு பொறி பட்டால், எல்லாத் துகளும் ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். முதல் சிறு வெடிப்பு, உத்தரங்களின் மேலும் குழாய்களின் மேலும் ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கும் தூளைக் கிளப்பிவிடும். இரண்டாவது வெடிப்புதான் கூரையைத் தூக்குவது. வண்டு தின்ற மரத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. உயிரோடு வெட்டிய பச்சை மரத்தை அறுத்தால் ஈரமான, கனமான தூள் விழும். நின்றபடியே செத்துக் காய்ந்த பைனை அறுத்தால் வருவது உலர்ந்த, மெல்லிய தூசி. குளிருக்காகக் கதவு சன்னல்களை அடைத்தாகிவிட்டது. தூசு உறிஞ்சும் அமைப்போ பச்சை மரத்துக்கென்று போட்ட பழைய கணக்கு. பணிப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை இரண்டு இடங்களிலும் தூசுப் படிவையும், சுழலும் பாகங்களின் உராய்வுச் சூட்டையும் காட்டியது. அபராதம் விதிக்கப்பட்டது. குற்றவழக்கு எதுவும் தொடரப்படவில்லை. குடும்பங்களின் ஆற்றாமை இன்றுவரை அடங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதன் பிறகு மாகாணம் முழுக்க ஆலைகளில் பெருக்குவதும் தூசு உறிஞ்சுவதும் தனி வேலையாயின. தூசு துப்புரவுக்காகவே ஷிஃப்டுக்கு நடுவே இயந்திரங்களை நிறுத்த வேண்டியிருந்தது. இதையெல்லாம் செலவு என்று எழுதும் நிறுவனக் கணக்கைப் படிக்கும்போது, அது யார் கொடுத்த விலை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாபீன் ஆலை 2014இல் திரும்பக் கட்டப்பட்டு ஓடியது. முன்பைவிடச் சிறிய ஆலை. மரம் குறையப்போகிறது என்பதை அறிந்து கட்டியது.

இரண்டு ஊர், ஒரு பண்டமாற்று

ஹூஸ்டனின் முதல் மூடல் அறிவிப்பு 2013 அக்டோபரில் வந்தது. எனக்குத் தெரிந்து இவ்வளவு வெளிப்படையான ஏற்பாடு வேறு இல்லை. கான்ஃபோர், வெஸ்ட் ஃப்ரேசர் என்ற இரண்டு போட்டி நிறுவனங்கள் ஒரே நாளில் அறிவித்தன. வெஸ்ட் ஃப்ரேசர் தன் ஹூஸ்டன் ஆலையை மூடும், 225 பேருக்கு வேலை போகும். கான்ஃபோர் தன் கெனெல் ஊர் ஆலையை மூடும், 209 பேருக்கு வேலை போகும். மூடிவிட்டு, ஹூஸ்டன் பகுதியில் வெஸ்ட் ஃப்ரேசருக்கு இருந்த வெட்டுரிமை கான்ஃபோருக்கு, கெனெல் பகுதியில் கான்ஃபோருக்கு இருந்தது வெஸ்ட் ஃப்ரேசருக்கு. ஆளுக்கொரு ஊரை விட்டுக்கொடுத்து, மிச்சமிருக்கும் ஆலைக்கு மரம் சேர்த்துக்கொண்டார்கள்.

வியாபாரக் கணக்கில் பிழை சொல்ல முடியாது. இரண்டு ஆலைக்கு மரம் போதவில்லை, ஒன்றுக்குப் போதும். ஆனால் மாற்றிக்கொண்ட மரம் யாருடையது? அங்கேதான் முடிச்சு.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் காட்டில் 94 விழுக்காடு அரசு நிலம். தனியார் நிறுவனத்துக்கு அதில் இருப்பது வெட்டும் உரிமை மட்டும். ஒவ்வொரு கன மீட்டருக்கும் அரசுக்கு ‘ஸ்டம்பேஜ்’ என்ற அடிமரக் கட்டணம் கட்டி வெட்ட வேண்டும். நம் பக்கத்துக் கூப்புக் குத்தகையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே உரிமை ஒரு பருவத்துக்கு ஏலம் போவதல்ல, பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குக் கிடைத்துப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போவது. அந்த நீண்ட உரிமைக்கு ஈடாக அரசு ஒரு நிபந்தனை வைத்திருந்தது: குறிப்பிட்ட பகுதியில் வெட்டும் மரத்தை அந்தப் பகுதி ஆலையில்தான் அறுக்க வேண்டும். ஆலையை மூடினால் வெட்டுரிமைக்கே ஆபத்து. இப்படித்தான் அந்தக் காட்டு ஊர்கள் பல பிறந்தன.

2003இல் மாகாண அரசு இந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. பெரிய நிறுவனங்களின் நீண்டகால வெட்டுரிமையில் ஐந்தில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துச் சிறு வியாபாரிகளுக்கும் ஏலத்துக்கும் பழங்குடி மக்களுக்கும் பிரித்துக் கொடுத்ததும் அதே சீர்திருத்தம்தான். ஆகையால் அதை முழுக்கக் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். திறமையில்லாத பழைய ஆலைகளை வலுக்கட்டாயமாக ஓட்ட வைத்தால் அவை என்றைக்காவது மொத்தமாகக் கவிழும் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் அன்று முதல் ஆலை ஊரோடு தங்கியது, மரம் நிறுவனத்தோடு போனது. ஆலையை மூடியும் வெட்டுரிமையை வைத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். 2019இல் வேவன்பி என்ற ஊரின் ஆலையை மூடிய கான்ஃபோர், அதற்குரிய வெட்டுரிமையை இன்டர்ஃபோர் நிறுவனத்துக்கு 6 கோடி கனடிய டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டபோது, பொதுச் சொத்தின் மீதான உரிமைக்கு இவ்வளவு விலையா என்று பலர் விழித்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு, இப்படிக் கைமாற்றும்போது அமைச்சர் பொதுநலனைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. குதிரை ஓடிப் பதினாறு ஆண்டு கழித்து லாயத்துக்குப் பூட்டு.

ஒரு வீட்டுக்குள் எத்தனை மரம்

விற்பனைப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் வீடுகளில் மரம் என்றால் நிலை, கதவு, சன்னல், கட்டில். செங்கல்லும் கம்பியும்தான் வீடு. வட அமெரிக்காவில் சுவரின் எலும்புக்கூடே மரச்சட்டம். ‘டூ பை ஃபோர்’ என்ற இரண்டங்குலத்துக்கு நாலங்குலச் சட்டம்தான் அடிப்படைச் சரக்கு. இழைத்து உலர்த்திய பிறகு அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும், பெயர் மட்டும் பழையது. ஆகவே அமெரிக்காவில் வீட்டுக்கடன் வட்டி ஏறினால் ஹூஸ்டனில் ஷிஃப்ட் குறையும். கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டைப் பெரிதாக்கினார்கள். 2021 மே மாதத்தில் முன்பேரச் சந்தையில் ஆயிரம் பலகையடியின் விலை 1,600 டாலருக்கு மேல் போனது (ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம் உள்ள பலகை ஒரு பலகையடி). பிறகு வட்டி 3 விழுக்காட்டிலிருந்து 7ஐத் தாண்டியது. 2023இல் விலை 400 டாலருக்கும் கீழே.

விலை விழுந்தால் செலவும் விழ வேண்டும். பலகையின் அடக்கவிலையில் பாதிக்கு மேல் கட்டையின் விலைதான். அடிமரக் கட்டணம் சந்தையைப் பின்தொடர்ந்து, சில மாதம் தாமதித்துத்தான் இறங்கும். உச்சத்தில் நிர்ணயித்த கட்டணத்தைப் பள்ளத்தில் இருந்துகொண்டு கட்ட வேண்டியிருக்கும். ஊருக்குப் பக்கத்து மரமெல்லாம் வெட்டியாயிற்று, மிச்சம் இருப்பது தொலைவிலும் செங்குத்துச் சரிவிலும். லாரிக்காரருக்குக் கொடுக்கும் கூலி கூடிக்கொண்டே போகும்.

அதற்கு மேல் அமெரிக்க வரி. இந்தத் தகராறு 1982இலேயே தொடங்கியது. அங்கே காடு பெரும்பாலும் தனியாருடையது, மரம் சந்தை விலைக்குப் போகும். கனடாவில் அரசே விலை வைக்கிறது, அது மறைமுக மானியம் என்பது அமெரிக்க ஆலைக்காரர்கள் வழக்கு. ஒப்பந்தம், முறிவு, வரி, வழக்கு, மறுபடி ஒப்பந்தம் என்று சுற்றிவந்து, 2006இல் போட்ட ஒப்பந்தம் 2015இல் காலாவதியானது. அந்த 2006 சமாதானத்தில் வசூலித்திருந்த 500 கோடி டாலரில் 400 கோடியை அமெரிக்கா திருப்பிக் கொடுத்து 100 கோடியை வைத்துக்கொண்டது. 2017இல் மீண்டும் வரி வந்தது. 2025 ஆகஸ்டில் பெரும்பாலான நிறுவனங்களுக்கு அது 35 விழுக்காட்டை எட்டியது, கான்ஃபோருக்கு அதைவிடக் கூடுதல். அக்டோபரில் தேசியப் பாதுகாப்பு என்ற பெயரில் இன்னொரு 10 விழுக்காடு. மரச்சட்டத்தால் அமெரிக்கப் பாதுகாப்புக்கு என்ன ஆபத்து என்று கேட்டுப் பயனில்லை.

இவை எல்லாவற்றையும் சேர்த்தால் கிடைப்பதுதான் ‘பொருளாதார ரீதியில் கிடைக்கக்கூடிய’ என்ற அடைமொழி. வண்டு, தீ, தூரம், கட்டணம், வட்டி, வரி என்ற ஆறும் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. எதற்கு எத்தனை பங்கு என்று அறிவிப்பு சொல்லாது. நிறுவனம் அரசின் கொள்கையைக் கைகாட்டும். பழங்காட்டைப் பாதுகாக்க வெட்டை நிறுத்தி வைத்தது, பழங்குடி மக்களோடு பேசி முடிக்கும்வரை அனுமதி தாமதமாவது என்று பட்டியல் வரும். தங்கள் ஒப்பந்த உரிமைகளை அரசு மீறியது என்று புளூபெர்ரி ரிவர் பழங்குடி மக்கள் 2021இல் நீதிமன்றத்தில் வென்றார்கள். காட்டின் மூத்த உரிமைக்காரர்களுக்குத் தாமதமாக வந்த நியாயத்தை ‘நிச்சயமின்மை’ என்று பதிவு செய்யும் மொழி எனக்கு உவப்பாக இல்லை. தொழிற்சங்கமோ நிறுவனத்தின் முதலீட்டைக் கைகாட்டும். 2006இல் தென் கரோலினாவில் ஆலைகள், 2019இல் சுவீடனின் வீடா நிறுவனத்தில் 70 விழுக்காடு, அப்புறம் அலபாமாவில் புத்தம்புது ஆலை. இங்கே சம்பாதித்ததை அங்கே கொண்டுபோய் நட்டார்கள் என்பது சங்கத்தின் பேச்சு. அமெரிக்கத் தெற்கில் பைன் முப்பது ஆண்டுக்குள் வெட்டுக்கு வந்துவிடும், காடு தனியாருடையது, எல்லை தாண்ட வேண்டாம், வரி கிடையாது. முதலீட்டாளர் இடத்திலிருந்து பார்த்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

‘தற்காலிகம்’ எத்தனை வாரம்

இப்போது ஹூஸ்டனின் இரண்டாவது அறிவிப்புக்கு வருவோம். 2023 ஜனவரி 25 அன்று, செட்விண்ட் ஊரின் ஆலையை நிரந்தரமாக மூடுவதாகவும், ஹூஸ்டன் ஆலையை மறுகட்டுமானத்துக்காக மூடுவதாகவும் கான்ஃபோர் சொன்னது. பழைய ஆலையை எடுத்துவிட்டுப் புதிதாக, இன்றைய மர அளவுக்கு ஏற்றதாகக் கட்டப் போகிறோம் என்றது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஏப்ரலோடு வெளியே வந்தார்கள். செப்டம்பரில் 20 கோடி கனடிய டாலர் செலவில் புது ஆலை உறுதி என்றார்கள், ஊர் மூச்சு விட்டது. 2024 மே 9 அன்று அந்தத் திட்டத்தை நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. கைவிட்டோம் என்று அல்ல, ‘நிறுத்தி வைக்கிறோம்’ என்று.

இந்தச் சொல் தேர்வு சும்மா இல்லை. தொழிலாளியின் பையில் எவ்வளவு வரும், எப்போது வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அந்த மாகாணத்தின் தொழில் சட்டப்படி ‘தற்காலிக லே ஆஃப்’ என்றால் இருபது வாரத்தில் பதின்மூன்று வாரம் வரைக்கும். அதைத் தாண்டினால் அது வேலைநீக்கம், இழப்பீடு கொடுத்தாக வேண்டும். சங்க ஒப்பந்தத்தின் கீழ் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குத் திரும்ப அழைக்கப்படும் உரிமை உண்டு, பணிமூப்பு வரிசைப்படி. ஆலை ‘காலவரையின்றி’ நிறுத்தப்பட்டிருக்கும்வரை அந்த வரிசையில் பெயர் இருக்கும், ஆனால் மூடல் இழப்பீடு வராது. நிரந்தர மூடல் என்று எழுதிய பிறகே அது வரும். ஒரே இடத்தில் ஐம்பது பேருக்கோ அதற்கு மேலோ வேலை போனால் முன்னறிவிப்பு எட்டு வாரம், நூறைத் தாண்டினால் பன்னிரண்டு, முந்நூறைத் தாண்டினால் பதினாறு.

இதனால் வருகிற இக்கட்டை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சட்டென்று புரிந்துகொள்ள மாட்டார்கள். ஐம்பத்தாறு வயது, முப்பது ஆண்டு சர்வீஸ், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. வேறு ஊரில் வேலை எடுத்தால் காத்திருப்பு வரிசையிலிருந்து பெயர் போகலாம். காத்திருந்தால் வேலை இழப்புக் காப்பீடு தீர்ந்துவிடும். விற்றுவிட்டுப் போகலாம் என்றால், ஆலை நின்ற ஊரில் வீட்டை யார் வாங்குவார்? இளைஞர்கள் சுரங்கத்துக்கும் குழாய்ப்பாதை வேலைக்கும் போய்விடுகிறார்கள். மெக்கானிக், எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்கு எங்கும் இடமுண்டு. பலகையைத் தரம் பிரிக்கும் கண், ஒரு நொடியில் முடிச்சையும் வெடிப்பையும் பார்த்து எண் போடும் கண், வேறு எங்கும் விலைபோகாத தேர்ச்சி. இன்று அதைக்கூட ஸ்கேனர் பார்த்துக்கொள்கிறது. 2019இல் மாகாண அரசு இப்படிப்பட்டவர்களுக்கென்று 6.9 கோடி டாலர் ஒதுக்கி, அதில் 4 கோடியை முன்கூட்டியே ஓய்வு பெறுபவர்களுக்கான பாலமாக வைத்தது. வயதானவர்களுக்கு அது உதவியது. நாற்பது வயதுக்காரருக்கு எதுவும் சரியாகப் பொருந்தவில்லை.

மரத்தூளுக்கும் ஒரு ஆலை

ஓர் ஆலை நின்றால் அது மட்டும் நிற்பதில்லை. உருண்டையான கட்டையிலிருந்து சதுரமான பலகை எடுத்தால் ஏறக்குறைய பாதி மரம்தான் பலகையாகும். மிச்சத்தில் பெரும்பகுதி சீவல், அது காகிதக்கூழ் ஆலைக்குப் போகும். தூளும் இழைத்த சுருளும் துகள் உருண்டையாகி ஜப்பானிலும் பிரிட்டனிலும் மின்நிலையங்களில் எரிக்கக் கப்பல் ஏறும். பட்டை கொதிகலனுக்கு. எதுவும் வீணாவதில்லை என்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் ஒருவருடைய குப்பைதான் அடுத்தவருடைய கச்சாப்பொருள், ஆகவே மேலே ரம்பம் நின்றால் கீழே வரிசையாக நிற்கும்.

தேதிகளை வைத்துப் பார்த்தாலே இது தெரியும். 2023 ஜனவரி 11 அன்று பிரின்ஸ் ஜார்ஜ் கூழ் ஆலையில் கூழ்ப் பிரிவு மூடப்படும் என்ற அறிவிப்பு, சுமார் 300 பேர். இரண்டு வாரத்தில் செட்விண்டும் ஹூஸ்டனும். செட்விண்டில் அறுவை ஆலையோடு துகள் உருண்டை ஆலையும் சேர்ந்தே மூடியது. 2024 மே 9 அன்று ஹூஸ்டன் திட்டம் நிறுத்தம், ‘பேர் லேக்’ என்ற ஊரின் போலார் ஆலை நிரந்தர மூடல், 180 பேர். அதே நாள் நார்த்வுட் கூழ் ஆலையில் இரண்டில் ஒரு உற்பத்தி வரிசை நிறுத்தம், 220 பேர். கூழ் ஆலைக்காரர் அறுவை ஆலையின் வாசலில் சீவலுக்காகக் காத்திருக்கிறார். அறுவை ஆலைக்காரரோ சீவல் விற்ற காசில்தான் கட்டை விலையைச் சமாளித்துவந்தார். ஒருவர் விழுந்தால் மற்றவருக்கும் கட்டுப்படியாகாது.

நெடுஞ்சாலை வழியே கிழக்கே போனால், பர்ன்ஸ் லேக்கைத் தாண்டி ஃப்ரேசர் லேக். 2024 ஜனவரியில் வெஸ்ட் ஃப்ரேசர் அங்கிருந்த ஆலையை மூடுவதாகச் சொன்னது, 175 பேர். இன்னும் கிழக்கே வாண்டர்ஹூஃப். 2024 செப்டம்பரில் கான்ஃபோர் அங்கிருந்த பிளேட்டோ ஆலையையும், வடகிழக்கே ஃபோர்ட் செயின்ட் ஜான் ஆலையையும் ஆண்டு முடிவோடு மூடுவதாக அறிவித்தது. இரண்டிலும் சேர்த்து 500 பேர், ஆண்டுக்கு 67 கோடி பலகையடி. நம் மரக்கடைக் கணக்கில் சொன்னால் ஐந்தரைக் கோடி கன அடிக்கு மேல்.

மாகாண முதல்வர் 2025 தொடக்கத்தில் வனத்துறை அமைச்சருக்குக் கொடுத்த ஆணைக் கடிதத்தில் ஆண்டுக்கு 4.5 கோடி கன மீட்டர் வெட்டும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதினார். உண்மையான வெட்டு அதற்கு வெகு கீழே. அனுமதித்த அளவையே வெட்டாமல் விடுகிறார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. காகிதத்தில் இருக்கும் மரம் லாரியில் ஏறவில்லை. சந்தையை விரிக்கிறோம் என்று மாகாண அரசு மும்பையில் ஓர் அலுவலகம் வைத்து ஹெம்லாக், டக்ளஸ் ஃபர் என்று நம் தச்சர்களுக்கும் அறிமுகம் செய்துவருகிறது. கதவுக்கும் மேசைக்கும் அது நல்ல மரம்தான். ஆனால் நாம் நிலையும் கதவும் செய்து வாங்கித் தீர்க்கிற அளவு அல்ல அது.

தெற்கே போனால் தப்பித்துவிடலாம் என்ற கணக்கும் முழுக்கப் பலிக்கவில்லை. 2025இல் தென் கரோலினாவில் எஸ்டில், டார்லிங்டன் என்ற இரண்டு ஊர்களின் ஆலைகளைக் கான்ஃபோர் மூடியது. ஏறத்தாழ 290 பேர். அங்கே மலைப் பைன் வண்டும் இல்லை, ஸ்டம்பேஜும் இல்லை, எல்லை வரியும் இல்லை. பலகை விலைதான் தேறவில்லை.

2025 நவம்பரில், 45 விழுக்காடு வரி நடைமுறைக்கு வந்த சில வாரங்களில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் 100 மைல் ஹவுஸ் என்ற ஊரின் ஆலையை ஆண்டு முடிவுக்குள் மூடுவதாக வெஸ்ட் ஃப்ரேசர் அறிவித்தது. 165 பேர். காரணம் சொன்ன வரியில் முதலில் வந்தது வரி அல்ல. கட்டுப்படியாகும் விலையில் போதுமான மரம் இல்லை என்பதுதான்.